எதிர்க் கடை வண்டி

அத்தியாயம் 17

சனிக்கிழமை விடிந்தபோது கனடாவின் டாஃபின் ஊரில் மைனஸ் இருபத்தொன்பது டிகிரி. சமையலறை ஜன்னலின் உள்பக்கம்கூடப் பனி பூத்திருந்தது. ஒலேனா அதை நகத்தால் சுரண்டிவிட்டு, வாசலில் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தாள்.

அது அவள் கார் இல்லை. பண்ணை வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் அவள். அந்த வேலைக்காக அலுவலகம் இரவல் தந்த கார் அது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "சொந்த வண்டி இருந்தா ஊர்ப்புற ரவுண்டு உனக்குத்தான் ஒலேனா. இல்லேன்னா ஆபீஸ்ல உக்காந்து ஃபைல் பாரு" என்று மேலதிகாரி சொல்லி முடித்துவிட்டாள்.

ஏழு பண்ணை வீடுகள். கால் புண்ணோடு பாலின் ஷார்ட்ராண்ட். கண் தெரியாமல் இன்சுலின் ஊசிக்குக் காத்திருக்கும் பெரியவர் ஒருவர். அவர்களை விட்டுவிட்டு ஃபைல் பார்ப்பதா?

அவளுடைய பழைய காரின் கதை ஊருக்கே தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மாலையில், பனிப்புயலில் பண்ணைச் சாலையை விட்டுச் சறுக்கி, பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. இரண்டு மணி பத்து நிமிடம் அதற்குள் உட்கார்ந்திருந்தாள். துணைக்கு ஒரு மெழுகுவத்தியும் ஒரு கம்பளியும். விரல்கள் மரத்து, தெரிந்த பிரார்த்தனையின் வரிகளே முன்னும் பின்னுமாகக் குழம்ப ஆரம்பித்த நேரத்தில், பனி தள்ளும் லாரியின் நீல விளக்கு சுழன்று வந்தது. அதை ஓட்டி வந்தவள் லோர்னா ஃப்ளெட்.

அன்றிலிருந்து ஒலேனாவுக்குச் சாதாரண விஷயங்களெல்லாம் பெரிதாகத் தெரிந்தன. கொதிக்கும் கெட்டில். காலுக்கடியில் சூடான தரை. காலையில் மகள் போடும் சண்டை.

"அம்மா, கிளம்பலாமா வேண்டாமா? உருளைக்கிழங்கு பிரோஹி டப்பாவக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற!"

மகள் கலீனா. பதினெட்டு வயது, பள்ளியில் கடைசி வருடம், நாக்கு மட்டும் எப்போதோ பட்டம் வாங்கிவிட்டது.

"இந்தக் கொழுக்கட்டை லோர்னாவுக்குடி. போற வழியில குடுத்துட்டுப் போயிடலாம்."

"மூணு வாரத்துல மூணாவது டப்பா. அவங்க உன்னை ஏன்தான் காப்பாத்தினோம்னு நினைக்கப்போறாங்க."

லோர்னா அப்படி நினைக்கவில்லை. வாசலில் இரவு உடையோடு நின்று டப்பாவை வாங்கிக்கொண்டு, "வண்டி வாங்கப் போறியா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

"நல்ல டயரா பாரு. இன்னொரு தடவை உன்னைப் பள்ளத்துல பார்த்தேன்னா, தூக்கறதுக்கு முன்னாடி நாலு அறை விட்டுட்டுத்தான் தூக்குவேன்."

மறுபடி காரில் ஏறியதும் கலீனா இருக்கைப் பட்டையை மாட்டியபடி கேட்டாள். "சித்தப்பாகிட்டதான் போறோம்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

ஒலேனா கண்ணாடியைத் துடைத்தாள்.

அவள் கணவன் ரோமனும் அவன் தம்பி ஒரெஸ்ட்டும் பேசி மூன்று வருடமாகிறது. மாமனார் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்த அந்தப் பிப்ரவரியில், வின்னிபெக்கில் கார் விற்றுக்கொண்டிருந்த சின்ன மகன் வரவே இல்லை. எல்லாம் முடிந்து மறுநாள்தான் வந்து சேர்ந்தான். கல்லறைத் தோட்டத்தில், பாதிரியார் காதுபட, ரோமன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ஊருக்கெல்லாம் கார் விக்கிறவனுக்கு, பெத்தவரைப் பார்க்க வர ஒரு கார் கிடைக்கலையா?"

ஒரெஸ்ட் வாயே திறக்கவில்லை. அதோடு முறிந்தது.

இந்த இலையுதிர்காலத்தில் அவன் ஊருக்கே திரும்பி, மெயின் தெருவில் ஒரு கார்க் கடையில் விற்பனையாளனாகச் சேர்ந்திருந்தான். ஆனால் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ரோமனோ வடக்கே தங்கச் சுரங்கத்தில். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீடு. ஒலேனா தனியாக இரண்டு கடை ஏறி இறங்கினாள். இரண்டிலும், "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்களேன், பேசலாம்" என்றார்கள். அந்த எரிச்சலில்தான், வியாழக்கிழமை, நான்கு முறை எண்ணை அழுத்தி நான்கு முறையும் அணைத்து, ஐந்தாவது முறை ஒரெஸ்ட்டைக் கூப்பிட்டாள்.

அவன் நலம்கூட விசாரிக்கவில்லை. "எந்தெந்த ரோட்ல ஓட்டுவீங்க அண்ணி? ஒவ்வொண்ணா சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றான்.

*

கடை வாசலிலேயே காத்திருந்தான். காதை மூடிய தொப்பி, மூச்சுக் காற்றில் வெள்ளையாகிப்போன தாடி. நாற்பது வயதுக்கு அதிகமாகவே கிழடு தட்டியிருந்தது. நடக்கும்போது இடது காலைக் கொஞ்சம் பார்த்துப் பார்த்து வைப்பதை ஒலேனாவின் நர்ஸ் கண் பிடித்துக்கொண்டது.

"வாங்க அண்ணி. கலீனாவா இது? பனை மாதிரி வளந்துட்டா" என்றவன், இங்கே பனைக்கு எங்கே போவது என்று தோன்றினாற்போல், "ஸ்ப்ரூஸ் மரம் மாதிரி" என்று திருத்தினான்.

"நீங்க மட்டும் அப்படியே இருக்கீங்க சித்தப்பா. சுருங்கிட்டீங்க, அவ்வளவுதான்."

"கலீனா!"

"விடுங்க அண்ணி. மூணு வருஷமா யாரும் என்னைத் திட்டக்கூட இல்ல. நல்லாத்தான் இருக்கு."

வரிசையாக நின்ற வண்டிகளில் கலீனாவின் கண் நேராக ஒரு சிவப்பு எஸ்.யூ.வியின் மேல் போய் விழுந்தது. சின்னது, பளபளப்பு, கூரையில் கண்ணாடி, உள்ளே டிவி அளவுக்கு ஒரு திரை. இரண்டே வருடம் ஓடியது. விலையும் கைக்கு எட்டுகிற விலை.

"அம்மா! இதுதான்! இதேதான்!"

ஒலேனாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது. "எவ்வளவு சொல்றாங்க ஒரெஸ்ட்? காப்பீட்டுப் பணமும் சேமிப்பும் சேர்த்து என்கிட்ட இருபத்திரண்டாயிரம் டாலர்தான். வரி, டயர், எல்லாம் அதுக்குள்ள."

"விலையெல்லாம் அப்புறம். கலீனா, உள்ள ஏறு. கையுறையைக் கழட்டாம ஹீட்டரைப் போடு."

அவள் ஏறினாள். தடித்த கையுறையோடு திரையைத் தொட்டாள். அழுத்தினாள். குத்தினாள். திரை அசைந்து கொடுக்கவில்லை.

"ஒண்ணும் ஆகல."

"ஆகாது. மைனஸ் முப்பத்தஞ்சுல உங்கம்மா கையுறையைக் கழட்டிட்டுத்தான் சூடு கேக்கணும். அண்ணி, இங்க வாங்க."

பனியில் மண்டியிட்டு, வண்டியின் வயிற்றுக்கடியில் கையை விட்டுக் காட்டினான். "பதினேழு சென்டிமீட்டர். உங்க ஏழு வீட்டுல ரெண்டு வீட்டுக்கு வாசல்வரைக்கும் பனி தள்ள ஆளில்லைன்னு சொன்னீங்க இல்ல? மெயின் ரோட்ல லாரி தள்ளிட்டுப் போன பனி, அந்தப் பாதை வாயில வரப்பு மாதிரி கிடக்கும். அது இதைவிட உயரம். வண்டி அது மேல வயிறு வெச்சு உக்காந்துடும். சக்கரம் காத்துல சுத்தும்."

"சரி..."

"இன்னொண்ணு. இதுல முன் சக்கரம் ரெண்டும்தான் இழுக்கும். பார்க்க ஜீப் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நாலும் இழுக்கிற மாடல் உங்க பணத்துக்குள்ள எங்ககிட்ட இல்ல."

அப்போது கடைக்குள்ளிருந்து ஒரு சக ஊழியன் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினான். "ஒரெஸ்ட்! மாசம் முடிய மூணு நாள்தான். உனக்கு இன்னும் ரெண்டு வண்டி குறையுது, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அந்தச் சிவப்பை இன்னிக்குத் தள்ளிவிட்டுடு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஒலேனாவுக்குச் சங்கடமாக இருந்தது. "ஒரெஸ்ட், உனக்கு இதனால வேலையில ஏதாவது..."

"தெருவைத் தாண்டுவோம் அண்ணி" என்றான் அவன். "உங்களுக்கு ஏத்த வண்டி எதிர்க் கடையில நிக்குது."

கலீனா வாயைப் பிளந்தாள். "எதிர்க் கடையா? உங்க எதிரி கடையா?"

"எதிரின்னு யார் சொன்னா? அவன் வண்டி நல்ல வண்டி. அவன்தான் சரியில்ல."

*

எதிர்க் கடைக்காரர் ஜெரி, தொப்பையைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தார். ஒரெஸ்ட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"என்னப்பா, உன் கடையில சரக்கு தீந்துபோச்சா?"

"சரக்கு இருக்கு. சொந்தக்காரங்களுக்கு விக்கிற மாதிரி இல்ல."

"அப்ப என் கடை வண்டிதான் உசத்தின்னு எழுதிக் குடு, வாசல்ல மாட்டறேன்."

"நேத்து போன்ல சொன்னேனே, செஞ்சீங்களா?"

"செஞ்சேன், செஞ்சேன். ராத்திரி பூரா வெளியிலதான் நிக்குது. சூடு வயரை மாட்டவே இல்ல. கிளம்பலேன்னா என் மேல பழி சொல்லாத."

ஒரெஸ்ட் ஒலேனாவின் பக்கம் திரும்பினான். "கரன்ட்ல மாட்டி சூடாக்கி வெச்ச இன்ஜின் யாருக்கும் கிளம்பும் அண்ணி. விறைச்சுப்போனது கிளம்புதான்னு பார்க்கணும். அதுக்காகத்தான்."

மூலையில் நின்றது. ஐந்து வருடம் ஓடிய வண்டி. சின்னதுதான், ஆனால் காலைத் தூக்கி வைத்தாற்போல் உயரமாக நின்றது. நிறம்தான், பாசி பிடித்த குளத்தில் முக்கி எடுத்தாற்போல் ஒரு பச்சை.

"ஐயோ, தவளை மாதிரி இருக்கு" என்றாள் கலீனா.

"தவளைக்கு நாலு காலும் வேலை செய்யும்" என்றான் சித்தப்பா.

ஒலேனா வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் முறை.

அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு பனியில் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நுழைந்தான். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளிருந்து குரல் வந்தது. "துரு இல்ல... இங்கயும் இல்ல... உப்பு பிடிச்ச இடம் ஒண்ணு, பரவாயில்ல... யாரு ஓட்டினது இதை?"

"பள்ளிக்கூட டீச்சர். ஷெட்டுலயே வெச்சிருந்தாங்க" என்றார் ஜெரி.

"கதை."

"சத்தியமா!"

"சரி, இந்த ஒரு தடவை நம்பறேன்." எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டான். "ஏறுங்க அண்ணி. நீங்களே கிளப்புங்க."

ஒலேனா சாவியைத் திருகினாள். இன்ஜின் ஒருமுறை முனகியது. இன்னொருமுறை, அதைவிட நீளமாக. மூன்றாவது முறை தொண்டையைச் செருமி, உறுமி, பிடித்துக்கொண்டது.

ஹீட்டருக்குப் பெரிய உருண்டைத் திருகு ஒன்று இருந்தது. கையுறையோடு திருகினாள். திரும்பியது. அதற்கே அவளுக்குக் கண் கலங்கும் போலிருந்தது. பள்ளத்தில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தில், கடைசியில் கை எதையும் திருக மறுத்தது அவளுக்கு மறக்கவில்லை.

"காத்துல விரலை வெச்சுக்கங்க. சூடு எத்தனை நிமிஷத்துல வருதுன்னு பார்ப்போம்" என்றான் ஒரெஸ்ட்.

ஏழு நிமிடம்.

"நல்ல ஹீட்டர்."

டயரில்தான் இழுபறி. வண்டியில் இருந்தவை எல்லாப் பருவத்துக்குமான டயர்கள். ஜெரி அவற்றையே நல்ல டயர் என்று சாதித்தார். ஒரெஸ்ட் கேட்கவில்லை.

"ஜெரி, நாலு சக்கரமும் இழுத்தா வண்டி கிளம்பும். நிக்க வைக்கிறது டயர்தான். மலையும் பனிப்பூவும் போட்ட முத்திரை இருக்கிற குளிர்கால டயர், நாலும், இரும்பு வளையத்தோட. பின்னாடி ஷெட்ல இதே அளவுல ஒரு செட் வெச்சிருக்கீங்க. எனக்குத் தெரியும்."

"அது வேற ஒருத்தருக்கு..."

"யாருக்கு?"

ஜெரி தலையைச் சொறிந்தார். பிறகு ஒலேனாவைப் பார்த்தார். "நீங்க அந்தப் பள்ளத்துல சிக்கின நர்ஸ்தானே? என் மாமியாருக்கு ஊசி போட வர்றவங்க?"

"எந்த வீடு?"

"பெட்டி ஓல்சன். ஈதெல்பெர்ட் ரோடு."

"அவங்களா! போன தடவை எனக்கு ஆப்பிள் கேக் குடுத்தாங்களே."

ஜெரி பெருமூச்சு விட்டார். "சரி. டயரும் சேர்த்து இருபத்திரண்டு. வரியும் அதுக்குள்ளயே. மாமியார் காதுக்கு இது எட்டணும், பார்த்துக்கங்க. இருபது வருஷமா என்னைத் திட்டறாங்க."

*

டயர் மாற்றியதும் மூவருமாகத் தெற்கே, ரைடிங் மலைச் சரிவுப் பக்கம் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். ஒலேனா ஓட்டினாள். ஒரெஸ்ட் பக்கத்தில், கலீனா பின்னால்.

சரளைச் சாலையின் ஏற்றத்தில் பச்சை வண்டி வழுக்காமல், பதறாமல், உழவு மாடு போல் தலையைக் குனிந்துகொண்டு ஏறியது. மேலே போய்த் திரும்பினார்கள். கீழே நீளமான நேர்ச் சாலை. இருபுறமும் வெள்ளை வயல்.

"இப்ப அறுபதுல போயிட்டு, பிரேக்கை ஓங்கி மிதிங்க."

"ஓங்கியா?"

"ஓங்கி. எப்படி நிக்குதுன்னு இன்னிக்கே தெரிஞ்சுக்கங்க. பின்னால யாரும் வரல."

மிதித்தாள். காலுக்கடியில் பிரேக் தடதடவென்று அதிர்ந்தது. வண்டி ஓர் அங்குலம்கூடத் திரும்பாமல், நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது.

"நின்னுடுச்சு!" என்று கத்தினாள் ஒலேனா. "ஒரெஸ்ட், நின்னுடுச்சு பாரு!"

திரும்பிப் பார்த்தாள். அவன் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நேர் ரோடுன்னா எனக்கு ஒரு மாதிரி."

பின்னால் இருந்த கலீனாவுக்கு அடக்கி வைக்கத் தெரியாது. "சித்தப்பா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? தாத்தா செத்தப்போ நீங்க ஏன் வரல?"

"கலீனா! வாய மூடு!"

"இல்ல அண்ணி. கேக்கட்டும்." அவன் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தான். "மூணு வருஷத்துல இதைக் கேள்வியா கேட்டது இவ ஒருத்திதான்."

இன்ஜின் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் சொல்ல ஆரம்பித்தான்.

"அண்ணன் போன் பண்ணப்போ சாயங்காலம் ஆறு மணி. கடையிலேருந்தே நேரா கிளம்பினேன். என் கார் பழுதுக்கு விட்டிருந்தேன். கைக்குக் கிடைச்சது ஷோரூம்ல நின்ன ஒரு புது வண்டி. முன் சக்கரம் மட்டும் இழுக்கிறது. எல்லாப் பருவத்துக்குமான டயர். அதே வண்டிய அந்த வாரம் மூணு பேருக்கு வித்திருந்தேன், 'பனிக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது'ன்னு சொல்லி."

"கிளம்பினியா?" என்றாள் ஒலேனா. "நீ அன்னிக்குக் கிளம்பினியா?"

"நீப்பாவா ஊரைத் தாண்டிட்டேன். மெக்ரியரிக்கு இன்னும் கொஞ்ச தூரம். வளைவுகூட இல்ல அண்ணி, இந்த மாதிரி நேர் ரோடு. முன்னால ஒரு மான் நின்னுச்சு. மிதிச்சேன். வண்டி நிக்கல. அது பாட்டுக்குச் சுத்திட்டுப் போய்ப் பள்ளத்துல இறங்கிடுச்சு."

ஒலேனாவின் கை தானாக ஸ்டியரிங்கை விட்டு இறங்கியது.

"வண்டிக்குள்ளயேதான் இருக்கணும், தெரியும். ஆனா அப்பா அங்க காத்துக்கிட்டிருந்தார். தூரத்துல ஒரு பண்ணை விளக்கு தெரிஞ்சுது. நடந்தேன். கிட்டத்துல தெரிஞ்சுது, ஆனா ரொம்ப தூரம். ஷோரூம் ஷூ போட்டிருந்தேன். போய்ச் சேர்ந்தப்போ ரெண்டு விரல் போச்சு."

"இடது காலா?"

"பார்த்துட்டீங்களா?" லேசாகச் சிரித்தான். "அங்க ஒரு வயசான புருஷன் பொண்டாட்டி. அவங்க போன் புயல்ல செத்துப்போயிருந்தது, என்னோடது குளிர்லயே அணைஞ்சிடுச்சு. அந்தம்மா என் காலை மடியில வெச்சுக்கிட்டு விடியற வரைக்கும் உக்காந்திருந்தாங்க. மறுநாள் மத்தியானம்தான் ரோடு திறந்துச்சு. அப்பா காலைல அஞ்சு மணிக்கே போயிட்டாராம்."

கலீனா பின்னால் விசும்பினாள். ஒலேனா அவன் பக்கம் திரும்பினாள்.

"இதை ஏன்டா நீ சொல்லல? கல்லறையில அவர் அப்படிக் கேட்டப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"என்ன சொல்றது அண்ணி? அண்ணன் கேட்டது சரிதானே. கார் விக்கிறவனுக்கு ஒரு கார் கிடைக்கல. அந்த மூணு பேருக்கும் போன் பண்ணி டயர் மாத்தச் சொன்னேன். ரெண்டு பேர் மாத்தினாங்க. ஒருத்தர் என்னைத் திட்டினார். அதுக்கப்புறம் யாருக்கும் தப்பான வண்டிய விக்க என்னால முடியல. அதான் எங்க போனாலும் மாசக் கடைசியில ரெண்டு வண்டி குறையுது."

அவள் கையுறையைக் கழற்றினாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் விளக்குக்காகக் காத்திருந்தாள். அவன் விளக்கைத் தேடி நடந்திருக்கிறான். மற்றவர்களுக்குச் சொன்னால்தான் புரியும். அவளுக்குச் சொல்லவே வேண்டாம்.

"நன்றி ஒரெஸ்ட்."

"வண்டிக்கா? ஜெரிதான் குடுத்தார்..."

"வண்டிக்கு இல்ல. அன்னிக்குக் கிளம்பினதுக்கு. மாமா கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தார். 'சின்னவன் கிளம்பியிருப்பான், ரோடுதான் விடலை'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். நாங்க யாரும் நம்பல. அவர் நம்பினார்."

ஒரெஸ்ட் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. வெகுநேரம் வண்டி அங்கேயே நின்றது. ஹீட்டர் நன்றாகவே வேலை செய்தது.

"ரோமன்கிட்ட நான் சொல்றேன்" என்றாள் கடைசியில்.

"வேணாம் அண்ணி. சொன்னா நான்தான் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் வாக்குக் குடுங்க."

பின்னாலிருந்து கலீனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்னை மட்டும் நம்பாதீங்க" என்றாள். பிறகு, "சரி. குடுக்கறேன்" என்றாள்.

*

மாலை ஐந்து மணிக்கு ஒலேனாவின் சமையலறையில் பீட்ரூட் சூப் கொதித்தது. வெளியே வண்டிக்குச் சூடு வயரை மாட்டிவிட்டு, பூட்ஸைக் கழற்றத் தயங்கித் தயங்கி, மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரெஸ்ட் அந்த மேசையில் உட்கார்ந்தான். ஒலேனா கிண்ணத்தை நிரப்பி, மேலே ஒரு கரண்டி புளித்த கிரீம் போட்டு வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ரோமன் அழைத்தான். ஒலேனாவின் கையெல்லாம் மாவு. கலீனா போனை எடுத்து, எல்லோரும் கேட்கும்படி வைத்துவிட்டாள்.

"வாங்கியாச்சா?" பின்னணியில் சுரங்கத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் இரைச்சல்.

"ஆச்சு. நாலு சக்கரமும் இழுக்குது, நல்ல உயரம், நாலு குளிர்கால டயர், அருமையான ஹீட்டர்."

"தவளைக் கலர்" என்றாள் கலீனா.

"யார் பார்த்துக் குடுத்தது?"

ஒலேனா மூச்சை இழுத்தாள். "உன் தம்பி."

இரைச்சல் மட்டும் கேட்டது.

"விலைய ஏத்தி வெச்சிருப்பான்."

"அவன் கடை வண்டியே இல்ல ரோமன். அவனுக்கு ஒரு காசு கிடையாது. எதிர்க் கடையில பேசி வாங்கிக் குடுத்தான்."

கிண்ணத்தில் கரண்டி படாமல் உட்கார்ந்திருந்தான் ஒரெஸ்ட்.

"வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு வின்னிபெக்ல இறங்கறேன்" என்று ரோமன் பேச்சை மாற்றினான். "நீதானே வர்ற?"

"எனக்கு அன்னிக்கு ரவுண்டு. பாலினுக்குக் கட்டு மாத்தணும். பஸ்ஸும் இந்த வாரம் ஓடல."

"அப்ப நான் எப்படி வர்றது?"

ஒரெஸ்ட் தன் நெஞ்சைத் தொட்டு, வாயை மட்டும் அசைத்தான். நான் போறேன்.

"ஒரெஸ்ட் வர்றேங்கிறான்."

"அவன் அங்கயா இருக்கான்?"

"ம். சூப் குடிச்சுக்கிட்டிருக்கான்."

யாரோ தட்டுகளை அடுக்கும் ஓசை கேட்டது. ஒரு நாற்காலி இழுபட்டது. ரோமன் கூடத்தை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும், இரைச்சல் அடங்கியது.

"அந்த ரோட்ல அவன் ஓட்டுவானா?"

கேட்டவனுக்கு என்ன கேட்கிறோம் என்று தெரியாது. அது காதில் விழுந்த மூன்று பேருக்கும் தெரியும். கலீனா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஓட்டுவேன் அண்ணா" என்றான் ஒரெஸ்ட்.

மூன்று வருடத்தில் அண்ணனிடம் அவன் பேசிய முதல் சொற்கள்.

"ரெண்டு மணி" என்றது ரோமனின் குரல். "லேட்டா வராத."

தொடர்பு அறுந்தது.

அது கோபமா, கேலியா என்று ஒலேனாவுக்கே பிடிபடவில்லை. இருபத்தோரு வருடம் கூடவே வாழ்ந்தும் பிடிபடவில்லை. ஆனால் வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அதற்கே அவள் சுவரில் இருந்த சின்ன மாதா படத்தைப் பார்த்து, மாவுக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நாலு மணி நேரம், ரெண்டு பேரும் ஒரே வண்டியில..." என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

கலீனா அதற்குள் தன் போனில் எதையோ தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மாறியது. போனை மேசை மேல் வைத்துச் சித்தப்பாவின் பக்கம் தள்ளினாள்.

"வியாழக்கிழமைக்கு என்ன போட்டிருக்காங்கன்னு பாருங்க."

நீப்பாவாவிலிருந்து மெக்ரியரி வரை வரைபடம் முழுக்கச் சிவப்பு. பனிப்புயல் எச்சரிக்கை. வியாழன் விடியற்காலை முதல்.

ஒலேனா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஒரெஸ்ட், வேணாம். அவர் அங்கயே ஒரு நாள் தங்கட்டும். நான் சொல்லிக்கிறேன்."

ஒரெஸ்ட் படத்தை நிதானமாகப் பார்த்தான். பிறகு கரண்டியை எடுத்து, ஆறிப்போயிருந்த சூப்பை அடிவரை வழித்துக் குடித்தான். கிண்ணத்தை அண்ணியிடம் நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டான்.

"அப்ப நான் புதன்கிழமையே கிளம்பிடறேன்" என்றான்.